தாய்லாந்து கிராமத்தில வெள்ளைக்கார மருமக்கள் குடியேறினால் ஊருக்கு என்ன நடக்குது?

கொக்குவிலான்:
சித்தப்பாவோட நோர்வேயில வேலை செய்த வெள்ளைக்காரர் ஒராள் பென்சன் எடுத்துக்கொண்டு தாய்லாந்தில உடோன் தானி பக்கம் மனிசியின்ர ஊரில வீடு கட்டி இருக்கிறாராம், இசான் எண்ட அந்த வடகிழக்குப் பக்கம் முழுக்க இப்பிடிக் கன பேராம். இதால அங்கத்தைச் சனத்துக்கு நன்மையோ தீமையோ? ஏன் கேக்கிறன் எண்டால் இஞ்ச யாழ்ப்பாணத்தில வெளிநாட்டுக் காசு வந்து காணி விலை ஏறி, ஊரில நிண்டு உழைக்கிறவன் ரெண்டு பரப்புக் காணி வாங்கேலாமல் நிக்கிறான், வெளிநாட்டு மாப்பிள்ளைதான் வேணும் எண்டு நிக்கிற வீடுகளும் இருக்கு. அங்கயும் உப்பிடியோ?

பாங்கொக் அண்ணை:
தம்பி, நான் பாங்கொக்கில இருந்த காலம் பழகின டாக்சிக்காரர், பப்பாசிக்காய் இடிச்சு விக்கிற அக்காமார் எல்லாம் அனேகமா இசான் ஆக்கள். மழையை நம்பி வருசத்துக்கு ஒரு போகம் நெல்லு, மிச்ச மாதம் நகரத்தில கூலி. வியட்நாம் சண்டை நேரம் இசானில உடோன், கோராட், உபோன் எல்லா இடமும் அமெரிக்கன்ர விமானத் தளம் இருந்தது, வெள்ளைக்காரனைக் கட்டுறது அப்பவே துவங்கினது. அந்த நேரம் அந்தப் பொம்பிளையளை ஊர் கண்டபடி கதைச்சது, இப்ப தாய்தேப்பனுக்கு அது மரியாதை. கல்வீடு எழும்பும், தேப்பனுக்கு உழுகிற லாண்ட்மாஸ்டர் மெசின், தம்பிக்குப் படிப்புக்காசு, மேசன்மாருக்கும் வேலை. அங்க மாப்பிள்ளைதான் பொம்பிளையின்ர தாய்தேப்பனுக்குக் காசு குடுக்கோணும், சின் சொட் எண்டுறது. வெளிநாட்டு மாப்பிள்ளை குடுக்கிறதைப் பாத்து எங்களிட்டயும் கூடக் கேக்கினம் எண்டு ஒரு டாக்சிக்காரப் பெடியன் அழாக்குறையாச் சொன்னவன். படிக்கிற பெட்டையளும் அந்த வீட்டைப் பாத்து வெள்ளைக்காரன் கிடைச்சால் காணும் எண்டு நினைக்குதுகள், எனக்கு அதுதான் கவலை.

உறுதி எழுதுறவள்:
நொத்தாரிசிட்ட வேலை செய்யிறபடியா காணி விசயம் மட்டும் சொல்லுறன். 1954ம் ஆண்டுக் காணிச் சட்டப்படி அங்க வெளிநாட்டுக்காரர் தன்ர பேரில காணி வாங்கிறது லேசில நடக்காது. மனிசி பேரிலதான் எழுதுவினம், எழுதேக்க இது அவவின்ர தனிச்சொத்து, எனக்கு உரித்தில்லை எண்டு புருசனும் கையெழுத்து வைக்கோணும். வேணுமெண்டால் 30 வருசக் குத்தகை எடுக்கலாம். கன வெள்ளைக்காரர் இதை அநியாயம் எண்டுவினம், ஆனா கலியாணம் முறிஞ்சாலும் வளவு ஊர்ப் பொம்பிளையிட்ட நிக்கிறது அந்தச் சனத்துக்குப் பெரிய காவல் எண்டுதான் நான் சொல்லுவன். யாழ்ப்பாணத் தமிழருக்கு இருக்கிற எங்கட தேசவழமைச் சட்டத்தைப் பாருங்கோ, சீதனக் காணி அவவின்ர பேரில கிடந்தாலும் புருசன்ர எழுத்துச் சம்மதம் இல்லாமல் விக்கேலாது, அதுக்காக எங்கட ஒபிசில அழுதுகொண்டு நிண்ட பொம்பிளையளைக் கண்டிருக்கிறன். மற்றது, இசானில மருமகன் பொம்பிளை வீட்டுக்குப் போறதும் கடைசி மகள் தாய்தேப்பனைப் பாத்து வீட்டை எடுக்கிறதும் பழைய வழமை, அதால வெள்ளைக்காரன் போய் அங்க இருக்கிறது ஊருக்குப் புதினம் இல்லை.

மானிப்பாய் நேர்ஸ்:
எல்லாரும் வீட்டையும் காணியையும் கதைக்கிறியள், அந்தாள் படுக்கையில விழுந்தால் ஆர் பாக்கிறது? அனேகம் பேர் வயசு போய்த்தான் வாறவை. பென்சன் விசாவுக்கு 50 வயசாவது ஆகியிருக்கோணும், பாங்கில 800,000 பாத் (தாய்லாந்துக் காசு) இல்லாட்டி மாதம் 65,000 வருமானம் காட்டோணும், தாய்லாந்து மனிசி எண்டு விசா எடுத்தால் 400,000. அரசாங்கத்தின்ர 30 பாத் வைத்தியத் திட்டம் அந்த நாட்டுச் சனத்துக்குத்தான், இவருக்கு ஆஸ்பத்திரிச் செலவு கையாலதான், இன்சூரன்சும் வயசு போகப் போக ஏறும். இங்கிலீசுக்காரர் எண்டால் இன்னும் கஷ்டம், அவையின்ர அரசாங்கப் பென்சன் தாய்லாந்தில இருந்தால் வருசா வருசம் கூடாது, அப்பிடியே நிக்கும், சாமான் விலை ஏறும். அந்தக் காசை நம்பித்தான் மனிசியின்ர தாய், தேப்பன், முதல் கலியாணத்துப் பிள்ளையள் எல்லாம் இருக்கிறது. வெள்ளைக்காரனைக் கட்டினவள் சொகுசா இருக்கிறாள் எண்டு ஊர் சொல்லும், ஆனா ராவில அவரைத் தூக்கி இருத்திறதும் பம்பர்ஸ் மாத்திறதும் அவள்தான், அந்த வேலையின்ர பாரம் எனக்குத் தெரியும். தம்பி, சித்தப்பாவிட்டச் சொல்லி அந்த மனிசனை இப்பவே இன்சூரன்ஸ் எடுக்கச் சொல்லுங்கோ, மனிசி பேரிலயும் பாங்கில கொஞ்சம் போடச் சொல்லுங்கோ.