ஏர் பிரான்ஸ் 447: ஸ்டால் எச்சரிக்கை ஒலித்ததா, இல்லையா?

தகடூரான்: "2009 ஜூன் 1 அன்று அட்லாண்டிக்கில் விழுந்த விமானத்தில் சென்சார் பழுதானதால் ஸ்டால் எச்சரிக்கை வேலை செய்யவில்லை" என்று நேற்று ஒரு மேதை இங்கே எழுதியிருக்கிறார். 228 பேர் இறந்த விபத்து. விசாரணை அறிக்கையை ஒரு முறை புரட்டினால் கை தேய்ந்துவிடுமா? இறக்கையில் காற்று படும் கோணம் அளவுக்கு மீறிப்போய், தூக்கும் விசை குறைந்து விமானம் விழும் நிலைதான் ஸ்டால். அதற்கான எச்சரிக்கை 54 விநாடி விடாமல் ஒலித்தது.

மழைக்காகம்: அந்த மேதை நான்தான். 54 விநாடிக்குப் பிறகு? நின்றுவிட்டது. விமானம் கடலை நோக்கி விழுந்துகொண்டிருக்கும்போதே நின்றது. பழுதென்று சொல்லாமல் வேறென்ன சொல்வது?

தகடூரான்: பழுதில்லை ஐயா. வேகத்தை அளக்க உதவும் பிட்டோ குழாய்களில் பனிக்கட்டி அடைத்தது, ஏறக்குறைய ஒரு நிமிடத்தில் சரியாகியும் விட்டது. அது தனிக்கதை. கணினிக்கு வரும் வேகம் 60 நாட், அதாவது மணிக்குச் சுமார் 111 கி.மீ.க்குக் கீழே போனால், அந்தக் கோணத்தை அளக்கும் சென்சாரின் கணக்கு செல்லாது என்று ஒதுக்கும்படி அமைத்திருக்கிறார்கள். எச்சரிக்கையும் அதோடு அடங்கும். அந்த வேகத்தில் இந்த ஏர்பஸ் ஏ330 பறக்க வேண்டியதே இல்லை.

மழைக்காகம்: பறக்க வேண்டியதில்லைதான், ஆனால் அன்று வானத்தில்தானே இருந்தது! மூக்கைக் கீழே இறக்கினால் வேகம் கூடி "ஸ்டால், ஸ்டால்" என்று மறுபடி கத்தியது. மூக்கை மேலே இழுத்துப் பிடித்தால் அடங்கியது. சரியாகச் செய்கிறவனுக்குத் திட்டு, தப்பாகச் செய்கிறவனுக்கு மௌனம். இதற்கு வக்காலத்து வேறு.

தகடூரான்: 54 விநாடி! அவ்வளவு நேரமும் விமானி அறையில் ஒருவர் வாயிலிருந்துகூட ஸ்டால் என்ற சொல் வரவில்லை. வலப்பக்க விமானி கட்டுப்பாட்டுக் குச்சியைப் பின்னால் இழுத்து மூக்கைத் தூக்கியபடியே இருந்தார். 54 விநாடி காதில் ஏறாதவருக்கு ஐந்து நிமிடம் ஒலித்தால் மட்டும் ஏறியிருக்குமா?

முன்னாள் மெக்கானிக்: சென்சார் பழுதே ஆகாது என்பது போலப் பேசுகிறீர்கள். 2008 நவம்பரில் பிரான்சின் பெர்ப்பிஞான் அருகே விழுந்த ஏர்பஸ் ஏ320ஐ மறந்துவிட்டீர்களா? விமானத்தைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவியதில் கோண சென்சார்களுக்குள் நீர் புகுந்து, மேலே போனதும் உறைந்து, இரண்டு சென்சார்கள் அசையாமல் நின்றன. ஏழு பேர் போனார்கள்.

தகடூரான்: நான் அதைப் பற்றிப் பேசவே இல்லை. ரயில் பிரேக் விவாதத்திலும் நீங்கள் இப்படித்தான் குறுக்கே வந்தீர்கள்.

முன்னாள் மெக்கானிக்: அந்த விவாதத்தில் நான் கேட்ட கேள்விக்கு இன்றுவரை பதில் வரவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

மழைக்காகம்: 2018இல் ஜாவா கடலில் விழுந்த லயன் ஏர் 737 மேக்ஸில் இடப்பக்கக் கோண சென்சார் 21 பாகை தவறாகக் காட்டியது. அங்கே ஸ்டாலே ஆகாமல் கேப்டனின் கைப்பிடி ஸ்டால் எச்சரிக்கையாக அதிர்ந்துகொண்டே இருந்தது. 189 பேர். அதற்கும் விமானியின் காதுதான் காரணமா?

தகடூரான்: அது போயிங். இங்கே பேசுவது ஏர்பஸ். தலைப்பைப் படித்துவிட்டு வாருங்கள். 54 விநாடி.

மழைக்காகம்: 60 நாட்.

முன்னாள் மெக்கானிக்: பிரேக் கேள்வியை மறுபடி ஒட்டட்டுமா?