புது மானிட்டரில் எழுத்து மட்டும் மங்கல்

கேள்வி:
மெய்ப்புத் திருத்தும் வேலை செய்கிறேன். பழைய லேப்டாப்போடு 24 அங்குல மானிட்டரை எச்டிஎம்ஐ கேபிளில் இணைத்தேன். படங்கள் பரவாயில்லை, எழுத்துதான் பஞ்சு ஒட்டியது போல இருக்கிறது. மெய்யெழுத்தின் புள்ளி தலையோடு ஒட்டிக்கொள்கிறது. ‘ன’வா ‘ண’வா என்று சுழி எண்ண வேண்டியிருக்கிறது. மாலைக்குள் கண் எரிகிறது.

பதில் 1:
லேப்டாப் திரை 1366×768 திரைப்புள்ளி (பிக்சல்) தானே? இரண்டிலும் ஒரே படம் ஓடினால் மானிட்டரும் அந்த அளவுக்கு இறங்கிவிடும். 1920×1080 திரையில் அதை இழுத்து நிரப்பும்போது ஒரு திரைப்புள்ளி சுமார் 1.4 திரைப்புள்ளியாகிறது, விளிம்பு கலங்கத்தான் செய்யும். விண்டோஸ் விசையோடு பி அழுத்தி ‘எக்ஸ்டெண்ட்’ (இரண்டு திரையும் தனித்தனியாக இயங்கும் முறை) கொடுங்கள். அப்புறம் டிஸ்ப்ளே செட்டிங்ஸில் மானிட்டருக்கு 1920×1080 வையுங்கள்.

பதில் 2:
அது முடிந்ததும் விண்டோஸில் எழுத்தைத் தெளிவாக்கும் கிளியர்டைப்பையும் ஓட்டிவிடுங்கள். சில மாதிரிகள் காட்டும், தெளிவானதைத் தொட்டால் போதும். முதலில் அளவைச் சரிசெய்யாமல் இதைச் செய்து பலனில்லை.

கேட்டவர்:
சரியாகிவிட்டது! ‘ண்’ணின் மூன்று சுழியும் தனித்தனியாகத் தெரிகிறது. பழைய தட்டச்சு மென்பொருள் மட்டும் இன்னும் மங்கல்.

பதில் 1:
அதன் ஐகானில் வலது கிளிக், ப்ராப்பர்ட்டீஸ், கம்பாட்டிபிலிட்டி. அங்கே ஹை டிபிஐ (திரைக்கேற்ப உருவளவை மாற்றும்) அமைப்பில் ‘அப்ளிகேஷன்’ என்று மாற்றிப் பாருங்கள்.