வாக்காளர் பொய் சொன்னாரா, வேறாகப் பார்த்தாரா? (டாம் பிராட்லி, 1982)

கேள்வி: மாலதி, பாளையங்கோட்டை

கல்லூரியில் அரசியல் அறிவியல் நடத்துகிறேன். இந்தப் பருவத்தில் 'பிராட்லி விளைவு' பாடமாக வருகிறது. 1982-ல் கலிஃபோர்னியா ஆளுநர் தேர்தலில் நின்ற லாஸ் ஏஞ்சலஸ் மேயர் டாம் பிராட்லி கறுப்பினத்தவர். கருத்துக்கணிப்புகளில் அவர்தான் முன்னணியில் இருந்தார். வாக்களித்து வெளியே வந்தவர்களிடம் எடுத்த கணிப்பும் அவர் வென்றதாகவே சொன்னது. ஒரு நாளிதழ் அவருக்கே வெற்றி என்ற கணிப்பைத் தலைப்பாகப் போட்டு முதல் பதிப்பை அச்சடித்தும்விட்டது. எண்ணி முடித்தபோது ஏறத்தாழ 93,000 வாக்குகளில் குடியரசுக் கட்சியின் ஜார்ஜ் டியூக்மேஜியனிடம் தோற்றிருந்தார். வெள்ளையர்கள் வெட்கப்பட்டுக் கணிப்பாளரிடம் பொய் சொன்னார்கள் என்பதே வழக்கமான விளக்கம்.

ஒரு மாணவி எழுந்து, "அப்படியானால் 2008-ல் ஒபாமாவைப் பற்றி ஏன் பொய் சொல்லவில்லை? அதற்குள் எல்லாரும் திருந்திவிட்டார்களா?" என்று கேட்டாள். நல்ல கேள்வி. அதை ஒரு வரியில் கடந்துபோக எனக்கு மனமில்லை. அந்தக் காலத்தை அங்கே இருந்து பார்த்தவர்கள் எழுதினால் வகுப்பில் வாசித்துக் காட்டுவேன்.

பதில்: சுந்தரம், லாஸ் ஏஞ்சலஸ்

அம்மா, 1982-ல் நான் இங்கே ஒரு கட்டுமான நிறுவனத்தில் வரைபடப் பிரிவில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு வாக்குரிமை இல்லை. அதனாலேயே யாரும் என்னிடம் ஒளித்துப் பேசவில்லை. மதிய உணவு வேளையில் என் மேசையைச் சுற்றி உட்கார்ந்து வெளிப்படையாகவே விவாதிப்பார்கள்.

பொய் சொல்வது என்றால், உள்ளே ஒன்றை வைத்துக்கொண்டு வெளியே வேறொன்று சொல்வது. நான் கேட்ட பேச்சில் அது அதிகம் இல்லை. பெரும்பாலோர் சொன்னதை மனதார நம்பினார்கள். "பிராட்லி நல்ல மனிதர்தான், ஆனால் ஒரு மாநிலத்தைக் கட்டி ஆளும் திறமை இருக்குமா?" என்பார் எனக்கு மூத்த பொறியாளர். நாட்டின் மிகப் பெரிய நகரங்களுள் ஒன்றை ஒன்பது ஆண்டுகள் ஆண்ட மேயரைப் பற்றிய கேள்வி அது! இன்னொருவர், "குற்றவாளிகளிடம் இரக்கம் காட்டுவார்" என்று அடித்துச் சொல்வார். பிராட்லி இந்த ஊர்க் காவல்துறையில் 21 ஆண்டுகள் பணியாற்றி லெஃப்டினன்டாக வெளியே வந்தவர். அந்த விவரம் அவர்களுக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்தும் அது கணக்கில் ஏறவில்லை. கறுப்பர் என்ற ஒன்றே "இவர் கண்டிப்பானவர் அல்ல" என்று அவர்களுக்குள் தீர்ப்பு எழுதிவிட்டது. அந்தத் தீர்ப்புக்குப் பிறகுதான் காரணத்தைத் தேடினார்கள்.

1969-ல் இது இன்னும் பச்சையாக நடந்தது. மேயர் தேர்தலின் முதல் சுற்றில் பிராட்லி 42 சதவீதம் வாங்கி முதலிடத்தில் இருந்தார். பதவியிலிருந்த சாம் யார்ட்டிக்கு 26 சதவீதம்தான். அடுத்த சுற்றுக்குள் யார்ட்டி அணி அவரைக் கறுப்புத் தீவிரவாதிகளின் ஆள் என்றும் கம்யூனிஸ்டுகளின் கைப்பாவை என்றும் ஊரெங்கும் பரப்பியது. பணிவாகப் பேசும் ஓய்வுபெற்ற போலீஸ்காரர், சில வாரங்களில் கலகக்காரராகிவிட்டார். முடிவு யார்ட்டிக்கு 53, பிராட்லிக்கு 47. நான்கு ஆண்டுகள் கழித்து அதே யார்ட்டியை அவர் தோற்கடித்தார் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். வாக்காளர் பார்வை மாறக்கூடியதுதான்.

சிகாகோவையும் பாருங்கள். அங்கே 1927-க்குப் பிறகு எந்தக் குடியரசுக் கட்சிக்காரரும் மேயராகத் தேர்வானதில்லை. 1983-ல் ஜனநாயகக் கட்சி வேட்பாளராக ஹரால்ட் வாஷிங்டன் என்ற கறுப்பினத்தவர் நின்றதும், அவருடைய கட்சியின் வட்டத் தலைவர்களே சிலர் எதிர்த்தரப்பு பெர்னார்ட் எப்டன் பக்கம் சாய்ந்தார்கள். எப்டனின் விளம்பர வாசகம், "காலம் கடந்துவிடுமுன்". எதற்குக் காலம் கடக்கிறது என்று யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. வாஷிங்டன் வரிக் கணக்குத் தாக்கல் செய்யாமல் 1972-ல் சிறை சென்றவர் என்பது உண்மை. அது நியாயமான குறைதான். ஆனால் அதே கட்சியின் பழைய ஊழல்களை ஆண்டாண்டு காலமாகப் பொறுத்துக்கொண்ட வட்டங்களுக்கு அப்போதுதான் நேர்மை ஞாபகம் வந்தது. அவர் சுமார் 52 சதவீதத்தில் தப்பித்து வென்றார்.

பதில்: கணேசன், ஆஸ்டின்

சுந்தரம் ஐயா சொல்வதை மறுக்கவில்லை. ஆனால் 1982 முடிவை இனவெறி ஒன்றில் கட்டிவிடக் கூடாது. அன்று நேரில் வாக்களித்தவர்களில் பிராட்லிதான் முன்னே இருந்தார். குடியரசுக் கட்சி முனைந்து திரட்டிய தபால் வாக்குகள் அவரைக் கவிழ்த்தன. வாக்களித்து வெளியே வந்தவர்களிடம் எடுத்த கணிப்பு அவற்றைச் சரியாகப் பிடிக்கவில்லை. கைத்துப்பாக்கிகளைக் கட்டுப்படுத்தும் 15-ஆம் முன்மொழிவும் அதே நாளில் வாக்குக்கு வந்ததால் துப்பாக்கி வைத்திருப்போர் திரண்டு வந்தார்கள். டியூக்மேஜியனின் கணிப்பாளரே, கடைசி நாட்களில் போட்டி நெருங்கிவிட்டது தங்களுக்குத் தெரியும் என்று பின்னாளில் எழுதினார்.

கணிப்புக்கும் முடிவுக்கும் உள்ள இடைவெளியே கற்பனை என்றும் சொல்ல முடியாது. 1989-ல் வர்ஜீனியாவில் கறுப்பின வேட்பாளர் டக்ளஸ் வைல்டர் கணிப்புகளில் தெளிவாக முன்னணியில் இருந்து, 7,000-க்கும் குறைவான வாக்கு வித்தியாசத்தில்தான் ஆளுநரானார். டேனியல் ஹாப்கின்ஸ் என்ற ஆய்வாளர் 1989 முதல் 2006 வரை நடந்த ஆளுநர், செனட் தேர்தல்களைத் தொகுத்துப் பார்த்தார். 1996-க்கு முன் கறுப்பின வேட்பாளர்கள் கணிப்பைவிடச் சுமார் 3 சதவீதப் புள்ளிகள் குறைவாக வாங்கியிருக்கிறார்கள். அதன் பிறகு அந்த இடைவெளி மறைந்துவிட்டது. ஒபாமா விஷயத்தில் கணிப்பு பொய்க்காததில் வியப்பில்லை.

பதில்: வித்யா, டொராண்டோ

"வேறாகப் பார்த்தார்" என்பதை நான் சொல்லுக்குச் சொல் எடுத்துக்கொள்கிறேன். 2009-ல் யூஜின் கருசோவும் உடன் ஆய்வாளர்களும் ஒபாமாவின் புகைப்படங்களில் சிலவற்றில் தோல் நிறத்தை வெளுப்பாக்கினார்கள், சிலவற்றில் கருப்பாக்கினார்கள், சிலவற்றை அப்படியே விட்டார்கள். ஒவ்வொரு படமும் அவரை எந்த அளவுக்கு உள்ளபடி காட்டுகிறது என்று மாணவர்களிடம் மதிப்பெண் கேட்டார்கள். தாராளவாதிகள் வெளுத்த படங்களுக்கும், பழமைவாதிகள் கருத்த படங்களுக்கும் கூடுதலாகப் போட்டார்கள். வெளுத்த படம்தான் பொருத்தம் என்றவர்கள் அவருக்கே வாக்களித்ததாகச் சொல்லும் வாய்ப்பும் அதிகம்.

இதில் என்னை உறுத்துவது, அவரை விரும்பியவர்களும் தப்பவில்லை என்பது. பிடித்தவரை வெள்ளையாக்கிப் பார்க்கும் கண்ணும் அதே பாடசாலையில் படித்த கண்தான்.

பதில்: தமிழரசி, நியூ ஜெர்சி

2024 ஜூலை 31 அன்று சிகாகோவில் கறுப்பினப் பத்திரிகையாளர்கள் முன்னிலையில் டிரம்ப், கமலா ஹாரிஸ் முன்பு இந்தியராகவே இருந்தார், திடீரெனக் கறுப்பராகிவிட்டார் என்றார். ஹாரிஸின் தந்தை ஜமைக்காக்காரர். ஹாரிஸ் படித்ததோ கறுப்பின மாணவர்களுக்காகத் தொடங்கப்பட்ட ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில். ஒருவர் இரண்டு குடும்பங்களுக்கும் பிள்ளையாக இருப்பதே ஏமாற்று வேலை என்று நம்பவைக்கப் பார்த்தார் டிரம்ப்.

நம்மவர்களையும் சொல்கிறேன். ஹாரிஸுடைய தாய்வழித் தாத்தாவின் ஊரான துளசேந்திரபுரத்தில் அவருக்காகப் பூஜை நடந்த செய்தியைப் பகிர்ந்த அதே வாட்ஸ்அப் குழுவில், "அவர் நம் பெண்ணாகவே இருந்திருந்தால் ஆதரிக்கலாம்" என்று எழுதினார்கள். அந்த வரிக்குள் என்ன இருக்கிறது என்று நமக்கு நன்றாகவே தெரியும்.

மாலதி, பாளையங்கோட்டை

அனைவருக்கும் நன்றி. சுந்தரம் ஐயா, இடைவெளி மறைந்துவிட்டது என்று கணேசன் சொல்வதை என் மாணவி "பாரபட்சம் மறைந்துவிட்டது" என்று எடுத்துக்கொள்வாளே?

சுந்தரம், லாஸ் ஏஞ்சலஸ்

அங்கேதான் நிறுத்திப் பிடிக்க வேண்டும் அம்மா. கணிப்பும் முடிவும் ஒத்துப்போவது, மக்கள் சொன்னபடி வாக்களித்தார்கள் என்பதற்குத்தான் சான்று. சொன்னதிலேயே பாரபட்சம் கலந்திருந்தால் இரண்டு எண்களிலும் அது இருக்கும், கழித்தால் பூஜ்யம்தான் வரும். 2010 ஆகஸ்டில் பியூ என்ற கருத்துக்கணிப்பு நிறுவனம் கேட்டபோது அமெரிக்கர்களில் 18 சதவீதம் பேர் கிறிஸ்தவரான ஒபாமாவை முஸ்லிம் என்றார்கள். எந்தக் கணிப்பாளரிடமும் மறைக்காமல், நேராகச் சொன்னார்கள். அமெரிக்காவில் பிறக்கவில்லை என்ற வதந்தியால் ஒரு ஜனாதிபதி தன் முழுப் பிறப்புச் சான்றிதழை 2011 ஏப்ரலில் வெளியிட்டுக் காட்ட வேண்டிய நிலைக்குத் தள்ளப்பட்டார். அதற்குமுன் எந்த வெள்ளை ஜனாதிபதியிடமும் நாடு அதைக் கேட்டு நிற்கவில்லை.

1986-ஐயும் அந்தப் பெண்ணிடம் காட்டுங்கள். பிராட்லி மறுபடி டியூக்மேஜியனோடு மோதி 37 சதவீதம்தான் வாங்கினார். கணிப்புகள் அவர் தோற்பார் என்று முன்பே சொல்லிவிட்டன, அதனால் அந்தத் தோல்வியில் 'பிராட்லி விளைவு' எதையும் யாரும் தேடவில்லை. நான்கு ஆண்டு ஆட்சிப் பலம் எதிராளிக்கு இருந்தது உண்மை. ஆனால் என் அலுவலகத்தில் மதிய உணவு வேளையில் அதே பொறியாளர் அதே கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார். பிராட்லி மேயராகிப் பதின்மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன, இடையில் ஒலிம்பிக்ஸையும் நடத்தி முடித்திருந்தார்.