மூக்குக் குழாயா, வயிற்றுக் குழாயா? அப்பாவுக்காகக் கேட்கிறேன்

குடியாத்தம் மகள்:
அப்பாவுக்கு வயது 68. பக்கவாதம் வந்து ஐந்து வாரம் ஆகிறது. விழுங்க வரவில்லை, ஒரு ஸ்பூன் தண்ணீர் கொடுத்தாலே புரை ஏறுகிறது. மூக்குக் குழாய் வழியாகத்தான் கஞ்சி போகிறது, அதையும் ராத்திரியில் பிடுங்கிவிடுகிறார், இதுவரை நான்கு முறை. ஒவ்வொரு முறையும் வேலூருக்கு ஓடி மறுபடி போட்டுக்கொண்டு வருகிறோம். இப்போது பழைய வேட்டியைக் கிழித்துக் கையைக் கட்டிலோடு கட்டுகிறோம், காலையில் அவிழ்த்தால் மணிக்கட்டில் வரிவரியாகத் தடம். தாங்க முடியவில்லை. டாக்டர் வயிற்றில் பெக் டியூப், அதாவது துளை போட்டு நேராக இரைப்பைக்கே கஞ்சி கொடுக்கிற குழாய், வைக்கலாம் என்கிறார். பெரியப்பாவோ வயித்துல ஓட்டை போட்டா ஆளு எழுந்திருக்கவே மாட்டான் என்று ஒரே பிடியாக நிற்கிறார். வைத்துப் பார்த்தவர்கள் சொல்லுங்கள். புரையேறி நிமோனியா வருவது இதனால் நிற்குமா?

ஆற்காடு:
என் அம்மாவுக்கும் பக்கவாதம்தான். பயந்துகொண்டே ஒத்துக்கொண்டோம். வயிற்றைக் கிழிக்கிற ஆபரேஷன் இல்லை சகோதரி, மயக்க ஊசி போட்டு, வாய் வழியாகக் கேமரா வைத்த குழாயை (எண்டோஸ்கோப்பி) விட்டு, வெளியே விரல் நுனி அளவுக்குத்தான் துளை. அரை மணி நேரத்தில் முடிந்தது. 1980 வாக்கில் இருந்தே செய்கிற முறைதான் என்று டாக்டர் சொன்னார். மூக்கில் புண் ஆறியது, முகத்தில் பிளாஸ்டர் இல்லை, அதற்கே அம்மா தெளிந்த மாதிரி இருந்தது. விழுங்கும் பயிற்சியை விடவில்லை, ஏழாம் மாதம் வாயாலேயே சாப்பிட ஆரம்பித்ததும் குழாயை எடுத்துவிட்டார்கள், துளை தானாக மூடிக்கொண்டது. இதை உங்கள் பெரியப்பாவிடம் சொல்லுங்கள்.

காட்பாடி நர்ஸ்:
நிமோனியா அறவே நிற்காது, அந்த நம்பிக்கையில் வைக்காதீர்கள். எச்சிலும், இரைப்பையிலிருந்து எதுக்களித்து வருவதும் நுரையீரலுக்குள் போகலாம். கஞ்சி கொடுக்கும்போதும், கொடுத்து ஒரு மணி நேரம் வரையும் தலைப்பக்கம் 30 முதல் 45 டிகிரி உயர்ந்திருக்கட்டும், வாயைத் தினமும் துடைத்து விடுங்கள்.

ஆபத்து என்றால், துளையைச் சுற்றிச் சீழ் பிடிப்பது, கசிவு, அடைப்பு இதெல்லாம் அடிக்கடி பார்க்கிறோம், சமாளிக்கலாம். ரத்தக்கசிவு, குடலில் குத்திவிடுவது, வயிற்றுக்குள் கிருமி பரவுவது குறைவு, ஆனால் உயிருக்கே ஆபத்தானது. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறார் என்றால் டாக்டரிடம் முதலிலேயே சொல்லுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள். குழாய் வைத்த முதல் சில வாரத்தில் பிடுங்கிவிட்டால் வீட்டில் திரும்பச் செருகவே கூடாது, கஞ்சி இரைப்பைக்குப் போகாமல் வயிற்றறைக்குள் கொட்டிவிடும். பிறகு பிடுங்கினாலும் சில மணி நேரத்தில் துளை சுருங்கும், உடனே கிளம்பி வாருங்கள். அப்பாவுக்குப் பிடுங்கும் பழக்கம் இருப்பதால் குழாயை மூடி வயிற்றைச் சுற்றி அகலமான துணி பெல்ட் கட்டுங்கள்.

கேழ்வரகுக் கஞ்சி என்றால் மெல்லிய துணியில் இரண்டு முறை வடிகட்டுங்கள். கொடுப்பதற்கு முன்னும் பின்னும் 30 மில்லி வெதுவெதுப்பான தண்ணீர். எல்லா மாத்திரையையும் பொடிக்கக் கூடாது, கேட்டுவிட்டுப் பொடியுங்கள். காய்ச்சல், கல் மாதிரி வயிறு, கஞ்சி உள்ளே போகும்போது வலி, இதில் எது வந்தாலும் கஞ்சியை நிறுத்திவிட்டு ஓடி வாருங்கள்.

வாலாஜா:
நாங்கள் வைக்கவில்லை. ஆயாவுக்கு ஞாபகமறதி நோய் முற்றிப்போய்ச் சாப்பாட்டையே மறந்துவிட்டார். அந்த நிலையில் குழாயால் ஆயுள் கூடப்போவதில்லை என்று டாக்டர் நேராகச் சொன்னார். ரசம் சாதத்தைக் குழையப் பிசைந்து, எவ்வளவு இறங்குகிறதோ அவ்வளவு ஊட்டினோம். உங்கள் அப்பா கதை வேறு, அவர் தேறி வரக்கூடியவர். அவருக்குப் பேச்சு புரிகிறதா? புரிந்தால் அவரிடமே கேளுங்கள்.

குடியாத்தம் மகள்:
எல்லாருக்கும் நன்றி. நேற்று அப்பாவிடமே கேட்டோம். மூக்கைத் தொட்டு வேண்டாம் என்று தலையாட்டினார், பிறகு என் கையைப் பிடித்துத் தன் வயிற்றின் மேல் வைத்தார். பெரியப்பா பக்கத்தில்தான் நின்றார், ஒன்றும் சொல்லவில்லை. வியாழக்கிழமைக்கு நாள் குறித்திருக்கிறார்கள். நர்ஸ் அக்கா, அந்த பெல்ட்டை நானே தைத்துவிடலாமா, என்ன அகலம் வைக்க வேண்டும்?