பருந்து குஞ்சுகளைத் தூக்குது, வலை போட்டா போதுமா?

பத்து நாள் கோழிக்குஞ்சுங்க, தாயோட மேயும்போதே பருந்து தூக்கிடுது. மேல வலை கட்டினா போதுமா?

பதில்: போதாதுங்க, பக்கவாட்டையும் அடைங்க. காக்கா நடந்தே உள்ளே வந்துரும். வலைக்கண் 2.5 செ.மீ.க்குள்ள இருக்கணும். விறைப்பா இழுத்துக் கட்டுங்க. தொய்ஞ்சா பருந்து மேல உட்கார்ந்ததும் வலை குஞ்சு உசரத்துக்கு இறங்கிடும். கால் நகம் வலைக்கண் வழியா குஞ்சை எட்டிடும்.

பதில்: மினுங்குற சிடி தொங்கவிட்டா கொஞ்ச நாள்தான் பயப்படும், இடத்தை மாத்திக்கிட்டே இருக்கணும். அதைவிட 2 மீட்டருக்கு ஒரு மறைவு நல்லது: புதர், சாய்ச்சு வச்ச பலகை. தாய் குரல் கொடுத்ததும் குஞ்சு ஓடி நுழையணும்.

பதில்: ராத்திரியில எண்ணிக்கை குறைஞ்சா எலி, பாம்பைப் பாருங்க. அதுக்கு 2.5 செ.மீ. வலை தாங்காது, 1.2 செ.மீ. கம்பி வலைதான். விஷம் மட்டும் வேண்டவே வேண்டாம்.