பிள்ளைகளின் பருமனை அளக்க பிஎம்ஐ மட்டும் போதுமா? உதவி தேவை

வணக்கம். பல இனக்குழுக்களைச் சேர்ந்த 6 முதல் 11 வயதுப் பிள்ளைகளின் உடல் பருமனை அளக்கும் ஆய்வு ஒன்றில் இருக்கிறேன். உயரம், எடை எடுத்தாயிற்று; பிஎம்ஐயும் (கிலோ எடையை மீட்டர் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வரும் எண்) கணக்கிட்டாயிற்று. சிக்கல் அதற்கு அப்புறம்தான்.

உலக சுகாதார அமைப்பின் 2007 வளர்ச்சி அட்டவணைப்படி, வயதுக்கேற்ற பிஎம்ஐ இடைநிலை அளவைவிட 2 திட்ட விலக்கத்துக்கு (சராசரியிலிருந்து எண்கள் எவ்வளவு சிதறுகின்றன என்பதன் அளவு) மேல் போனால் பருமன். ஆனால் பிஎம்ஐ கொழுப்பையும் தசையையும் பிரித்துக் காட்டாது. ஒரே பிஎம்ஐ இருந்தாலும் தெற்காசிய வம்சாவளிப் பிள்ளைகளுக்குக் கொழுப்பு பொதுவாகக் கூடுதல்; ஆப்பிரிக்க வம்சாவளிப் பிள்ளைகளுக்குக் குறைவு. நேற்று ஒரு சிறுமி வந்தாள். கை கால் குச்சி மாதிரி; நாடாவைச் சுற்றினால் இடுப்பளவு உயரத்தில் பாதியைத் தாண்டுகிறது, அதாவது வயிற்றில் கொழுப்பு கூடுதலாக இருக்கலாம். அட்டவணையில் அவள் 'இயல்பு'. அப்படியே எழுதிவைக்க மனசு கேட்கவில்லை.

பெரியவர்களுக்காவது, ஆசியர்களுக்கென்று 23, 27.5 என்ற பிஎம்ஐ எல்லைகளை உலக சுகாதார அமைப்பின் நிபுணர் குழு 2004இல் பரிந்துரைத்தது. பிள்ளைகளுக்கு அதை அப்படியே போட முடியாது.

டெக்ஸா ஸ்கேன் (எக்ஸ்ரே கதிரால் உடலின் கொழுப்பை அளப்பது) எல்லோருக்கும் எடுக்க வசதியில்லை. தோலைக் கிள்ளிப் பிடித்து அடியிலுள்ள கொழுப்பின் தடிமனை அளக்கும் தோல்மடிப்புக் கருவியோ, அளப்பவர் கை மாறினால் எண்ணும் மாறுகிறது. இடுப்பளவு–உயர விகிதத்தை பிஎம்ஐயோடு சேர்த்துப் பயன்படுத்தியவர்கள் இருக்கிறீர்களா? இனவாரியாகத் திருத்தம் செய்தீர்களா, இல்லை ஒரே எல்லையா? அப்பா ஒரு இனம், அம்மா ஒரு இனம் என்றால் பிள்ளையை எந்தக் குழுவில் சேர்த்தீர்கள்? தயவுசெய்து சொல்லுங்கள், அடுத்த வாரம் மறுபடி அளவெடுக்கப் போகிறோம்.