பலகை மாட்டினால் போதாதா?

மழைவாசி: அமெரிக்காவின் சியாட்டில் நகரில், சென்ட்ரல் டிஸ்ட்ரிக்ட் வழியாகத்தான் தினமும் பஸ்ஸில் போகிறேன். கறுப்பின மக்களின் பகுதி என்பார்கள். வாடகை விரட்டியது போக மிஞ்சியவர்கள் குறைவு. பழைய கட்டடங்களுக்குப் பாரம்பரியச் சின்னம் என்று பலகை மாட்டினால் போதாதா? நிலத்தைச் சமூகத்தின் பேரில் வைத்துக் காக்கும் சமூக நில அறக்கட்டளை எதற்கு?

வடக்குவாசல்: பலகை சுவரைக் காக்கும், உள்ளே இருக்கும் முடிதிருத்துபவரைக் காக்காது. அறக்கட்டளை நிலத்தை விற்காது, நீண்ட குத்தகைக்கு விடும்; மேலே உள்ள கட்டடம் மட்டும் பிறருக்குச் சொந்தமாகலாம். குத்தகை பெரும்பாலும் 99 ஆண்டுகள். உங்கள் பகுதியிலேயே லிபர்ட்டி வங்கிக் கட்டடம் இருக்கிறதே! கறுப்பின மக்களுக்குக் கடன் கொடுக்க 1968இல் தொடங்கிய வங்கி இருந்த இடம். 2019இல் அங்கே 115 குறைந்த வாடகை வீடுகள் திறக்கப்பட்டன. ஆஃப்ரிகாடவுன் சமூக நில அறக்கட்டளை அதில் ஒரு பங்காளி.

பழங்கணக்கன்: நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். இதற்கெல்லாம் முன்னோடியான நியூ கம்யூனிட்டீஸ் என்ற கறுப்பின விவசாயிகளின் நில அறக்கட்டளை, 1969இல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் தொடங்கியது. சுமார் 5,700 ஏக்கர். வறட்சி வந்தது, அரசுக் கடன் காலத்தில் வரவில்லை, 1985இல் நிலம் கைவிட்டுப் போயிற்று. பிறகு அரசு கொடுத்த இழப்பீட்டுப் பணத்தில், 2011இல், சுமார் 1,600 ஏக்கர் வாங்கினார்கள். ஒரு காலத்தில் அடிமை உழைப்பில் நடந்த தோட்டம் அது! எந்த அறக்கட்டளையானாலும் நான் முதலில் கேட்பது, நிலத்தின் பேரில் கடன் எவ்வளவு என்பதைத்தான்.

மழைவாசி: அந்தக் கட்டடத்தை இத்தனை நாள் வெறும் அடுக்குமாடி என்றே நினைத்திருந்தேன். நாளை இறங்கிப் பார்க்கிறேன்.